கீலாய்டு, புழுவெட்டு, மரு: பாதித்த இடத்திலேயே ஊசி போட்டுக்கொள்வதா, வேண்டாமா?

காது மடலில் உருண்டு நிற்கும் தழும்பான கீலாய்டு, தலையில் வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டு, உள்ளங்காலில் குத்தும் மரு, முகத்தில் வீங்கி வலிக்கும் பருக்கட்டி ஆகிய நான்குக்கும் தோல் மருத்துவர்கள் சொல்லும் சிகிச்சைகளில் பொதுவான ஒன்று, பாதித்த இடத்துக்குள்ளேயே ஊசி மூலம் மருந்தைச் செலுத்துவது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மரிலோ, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ தோல் பிரிவு வரிசையில் காலையிலிருந்து காத்திருந்து உள்ளே போகிறவரிடம் இந்த யோசனை ஓரிரு வார்த்தைகளில் சொல்லப்படுகிறது. கூட்டம் அப்படி. ஊசியை ஏற்பதா, களிம்போடு நிறுத்திக்கொள்வதா, அறுவைக்குப் போவதா, ஒன்றும் செய்யாமல் பொறுத்திருப்பதா என்பதை அவரும் அங்கேயே, நின்றபடியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவை வீட்டில் நிதானமாக எடுப்பதற்குத் தேவையான விவரங்களை ஒப்பிட்டுச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஊசி போடாவிட்டால் அந்த நோய் என்ன ஆகும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். கீலாய்டு தானாகக் கரைவது மிக அரிது. ஓரிரு வட்டங்களோடு நிற்கும் புழுவெட்டு பலருக்குத் தானாகவே ஆறிவிடுகிறது. மரு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே பாதித்த இடத்திலேயே ஊசி என்ற முறை ஒன்றே என்றாலும், கீலாய்டுக்கு அதை ஏற்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. புழுவெட்டுக்கு யோசிக்க இடமிருக்கிறது. மருவுக்குப் பெரும்பாலும் அது இரண்டாவது அல்லது மூன்றாவது படிதான்.

பாதித்த இடத்திலேயே மருந்தைச் செலுத்துவதன் தர்க்கம் எளிது. மாத்திரையாக விழுங்கினால் மருந்து உடல் முழுவதும் பரவுகிறது. தோலில் கட்டைவிரல் அளவு இடத்துக்காக எலும்பும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் விலை கொடுக்கின்றன. களிம்பாகப் பூசினால், தடித்த தழும்பையோ உள்ளங்கால் தோலையோ அது தாண்டுவதில்லை. ஊசி இந்த இரண்டு தடைகளையும் கடந்து, வேண்டிய இடத்தில் அதிக அளவு மருந்தையும் மற்ற இடங்களில் மிகக் குறைந்த அளவையும் தருகிறது. மிகுதியாகப் பயன்படும் மருந்து டிரையாம்சினலோன் அசிட்டோனைடு என்ற ஸ்டீராய்டு. இது நீரில் எளிதில் கரையாத நுண்துகள்களாக இருப்பதால், போட்ட இடத்திலேயே தங்கி வாரக்கணக்கில் வேலை செய்கிறது. நன்மைக்குக் காரணமான இந்தத் தன்மையே தீமைக்கும் காரணம்: அளவு கூடினாலோ ஆழம் தவறினாலோ, தோலை மெலியவைக்கும் வேலையையும் அது வாரக்கணக்கில் செய்யும். செலுத்திய மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

கீலாய்டைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் தவறான முடிவால் நோயாளி மிகுதியாக இழப்பது இதில்தான். காயம் ஆறிய பிறகும் தழும்புத் திசு வளர்ந்துகொண்டே போய், காயத்தின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் படர்வதே கீலாய்டு. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்கும் தழும்பு வேறு. அது மாதங்கள் செல்லச் செல்லத் தானாகவே தணியக்கூடும். காது மடல், நெஞ்சின் நடுப்பகுதி, தோள், தாடையோரம், மேல்முதுகு ஆகியவை கீலாய்டு விரும்பும் இடங்கள். கருமை கூடிய தோல் உடையவர்களுக்கும், பத்து முதல் முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கும், குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இருந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். குலதெய்வக் கோயிலில் சிறுவயதில் காது குத்தியபோது எதுவும் வராத பெண்ணுக்கு, கல்லூரிப் பருவத்தில் மடலின் மேற்புறத்தில் இரண்டாவது துளை போட்டபோது கீலாய்டு வந்தால் வியப்பதற்கில்லை. பதினோரு வயதுக்குப் பின் குத்தப்படும் காதுகளில் அது மிகுதியாக வருவது கண்டறியப்பட்டிருக்கிறது. புதுச்சேரி, கடலூர் வட்டாரக் கிராமங்களில் செடல் குத்திக்கொள்ளும் வேண்டுதல் உண்டு. பெரும்பாலோருக்கு அந்தத் துளைகள் சுவடின்றி ஆறிவிடுகின்றன. ஆனால் காதிலோ நெஞ்சிலோ ஏற்கெனவே கீலாய்டு வந்தவர், வேண்டுதலை வேறு வழியில் நிறைவேற்றுவது பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

கீலாய்டு வந்தவருக்கு முதலில் தோன்றும் எண்ணம், "வெட்டி எறிந்துவிடலாமே" என்பதுதான். வெட்டுவதும் ஒரு காயம் என்பதால், அந்தக் காயத்திலிருந்தே கீலாய்டு மீண்டும் வளர்கிறது. துணைச் சிகிச்சை எதுவும் இல்லாமல் அறுவை மட்டும் செய்தவர்களில் நூற்றுக்கு 45 முதல் 100 பேர் வரைக்கும் கீலாய்டு மீண்டும் வந்ததாக மருத்துவ இலக்கியம் சொல்கிறது. பல வேளைகளில் பழையதைவிடப் பெரிதாகவும் வருகிறது. ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு மீண்டும் வருவது நூற்றுக்கு 9 முதல் 50 வரை. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே, 1960களிலிருந்து இந்த ஊசி முதல் வரிசையில் நிற்பதன் காரணம் புரியும். மருந்து, தழும்பை உண்டாக்கும் அணுக்களின் பெருக்கத்தையும் கொலாஜன் என்னும் புரதத்தின் உற்பத்தியையும் அடக்கி, ஏற்கெனவே சேர்ந்த கொலாஜன் சிதைவதையும் தூண்டுகிறது. மில்லி லிட்டருக்கு 10 முதல் 40 மில்லி கிராம் வரையான அடர்த்தியில், நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை போடப்படுகிறது. அரிப்பும் சுருக்குச் சுருக்கென்ற வலியும் முதலில் குறைகின்றன. தடிப்பு மெல்லத்தான் தணிகிறது. இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தவர் நிம்மதியாகத் தூங்குவதற்கு அந்த முதல் பலனே போதும் என்பதால், தழும்பின் தோற்றத்தை மட்டும் வைத்து இந்தச் சிகிச்சையை மதிப்பிடுவது சரியாகாது.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். நன்றாகப் பலன் கிடைத்தாலும் கீலாய்டு மறைந்து பழைய தோல் திரும்புவதில்லை. தட்டையான, மென்மையான, அரிக்காத ஒரு தழும்பாக மாறுகிறது, அவ்வளவே. வலியைப் பொறுத்தவரை முதல் ஊசிதான் கடுமையானது, ஏனெனில் திசு இறுகிக் கிடப்பதால் மருந்து உள்ளே போக மறுக்கிறது. திசு இளகிய பிறகு போடும் ஊசிகளில் வலி குறையும். சில மருத்துவர்கள் திரவ நைட்ரஜனால் சில நொடிகள் உறையவைத்து, திசு வீங்கி இளகிய பிறகு ஊசி போடுகிறார்கள். மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே பூசி மூடி வைத்தாலும் ஓரளவு உதவும்.

ஸ்டீராய்டு மட்டும் போதாத கீலாய்டுகளுக்கு, புற்றுநோய் மருந்தான 5-ஃபுளூரோயுராசிலைக் கலந்து செலுத்துவது அடுத்த தேர்வு. ஸ்டீராய்டின் அளவு இதில் குறைவதால் தோல் மெலிவதும் வெளுப்பதும் குறைகின்றன. ஆனால் புண்ணாவதும் கருமை படிவதும் நேரலாம், கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. சிலிக்கான் ஒட்டுகள் பாதுகாப்பானவை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மாதக்கணக்கில் ஒட்டியிருக்க வேண்டும். வியர்வை ஊற்றும் நம் கடற்கரைக் கோடையில் நெஞ்சிலும் தோளிலும் அவை நிலைப்பது கடினம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனவே அவற்றை ஊசிக்கு மாற்றாகக் கொள்ளாமல், ஊசிக்குப் பின் பலனைக் காக்கும் துணையாகக் கொள்வதே பொருத்தம். காது மடலில் பெரிய உருண்டையாகத் தொங்கும் கீலாய்டுக்கு மட்டும், வெட்டி எடுத்து, அந்த இடத்திலேயே தொடர்ந்து ஸ்டீராய்டு ஊசி போட்டு, அழுத்தம் தரும் காதணியும் அணிவது தனி ஊசியைவிட நல்ல தேர்வாகிறது. அறுவைக்குப் பின் உடனடியாகக் கதிர்வீச்சு தருவது மீண்டும் வருவதை வெகுவாகக் குறைக்கும் என்றாலும், இளம் வயதினருக்கு அதை எளிதில் பரிந்துரைப்பதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஊசி தோற்பதற்குப் பெரும்பாலும் மருந்தைவிட இடையில் நிறுத்திவிடுவதே காரணமாக இருக்கிறது. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவரும், தேவனாம்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போகிறவரும் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு ஊசி போட்டு, அரிப்பு நின்றதும் வருவதை நிறுத்திவிட்டால், சில மாதங்களில் தழும்பு மீண்டும் வளரத் தொடங்குகிறது. "ஊசி போட்டும் பலனில்லை" என்ற பேச்சு அப்படித்தான் பரவுகிறது. ஆறு மாதம் தொடர்ந்து வர முடியுமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே குடும்பத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டும். கடலூரில் இருப்பவர் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் புதுச்சேரிக்குப் போவதா, ஊரிலேயே பார்ப்பதா என்பதையும் மருத்துவமனையின் பெயரைக் கொண்டு தீர்மானிக்காமல், மாதாமாதம் போய்வர முடிவதைக் கொண்டு தீர்மானிப்பதே அறிவுடைமை.

புழுவெட்டில் கணக்கு மாறுகிறது. பெயரில் புழு இருந்தாலும் எந்தப் புழுவும் முடியைத் தின்பதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே முடியின் வேரைத் தாக்குகிறது. வேர் அழிவதில்லை என்பதால் முடி திரும்ப முளைக்கும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை, சிகிச்சை எதுவும் இல்லாமலே ஓர் ஆண்டுக்குள் குணமடைகிறார்கள். சின்ன வெங்காயத்தைத் தேய்த்து முடி வந்தது என்று சொல்பவர்களில் பலர் இந்தப் பங்கைச் சேர்ந்தவர்களாகவே இருக்கக்கூடும். ஒன்றிரண்டு சிறிய வட்டங்கள், அண்மையில் வந்தவை, பரவவில்லை என்றால், சில மாதம் பொறுத்திருப்பதும் களிம்போடு நிறுத்திக்கொள்வதும் மதிக்கத்தக்க முடிவுகளே.

ஆனால் பொறுத்திருப்பது எல்லாருக்கும் ஒன்றல்ல. திருமணப் பேச்சு நடக்கும் வீட்டிலோ, தினமும் ஆட்கள் முன்னால் நிற்கும் வேலையிலோ, தலையில் காசளவு வெற்றிடம் தரும் மன உளைச்சலை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. புருவமோ தாடியோ கொட்டும்போது இது இன்னும் கூடும். அத்தகையவருக்கு, தலையில் பாதிக்கும் குறைவான பரப்பு மட்டுமே பாதிக்கப்பட்டிருந்தால், ஊசியே விரைவான வழி. மில்லி லிட்டருக்கு 5 மில்லி கிராம் அளவுக்கு நீர்த்த மருந்து, ஒரு சென்டி மீட்டர் இடைவெளியில் புள்ளி புள்ளியாக, ஒவ்வொரு புள்ளியிலும் 0.1 மில்லி லிட்டருக்கு மேல் போகாமல் செலுத்தப்படுகிறது. புருவத்துக்கும் தாடிக்கும் மில்லி லிட்டருக்கு 2.5 மில்லி கிராம். நான்கு முதல் எட்டு வாரங்களில் மென்முடி தெரியத் தொடங்கும். ஆறு மாதம் ஆகியும் ஒன்றும் முளைக்காவிட்டால் தொடர்வதில் பொருளில்லை. இதன் தனிப்பட்ட பக்கவிளைவு, ஊசி போட்ட இடத்தில் விழும் சிறு குழி. பெரும்பாலும் சில மாதங்களில் நிரம்பிவிடும் என்றாலும், குழி தெரிந்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டால் நிலைத்துவிடும். இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: ஊசி அந்த வட்டத்தில் முடியை வரவைக்குமே தவிர, வேறிடத்தில் புதிய வட்டம் தோன்றுவதைத் தடுக்காது. தலை முழுவதும் கொட்டியவருக்கு ஊசி பொருந்தாது. அவர்களுக்கு, 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாரிசிட்டினிப் போன்ற, நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மாத்திரைகள் உள்ளன. அவற்றின் நோய்த்தொற்று அபாயமும், நிறுத்தினால் திரும்பக் கொட்டும் இயல்பும் வேறொரு கட்டுரைக்கு உரியவை. சிறு குழந்தைகளுக்கு, வலியின் காரணமாகவே, களிம்பு முதலில் வருகிறது.

மருவுக்கு வருவோம். அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தடவுவது நம் ஊர்களில் பழக்கம். வெறுமனே விட்டாலும் பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் பெரும்பாலானவை இரண்டு ஆண்டுகளுக்குள் தானாக மறைகின்றன. மருந்துக் கடையில் கிடைக்கும் சாலிசிலிக் அமிலத்தைப் பன்னிரண்டு வாரம் விடாமல் பூசுவது மெதுவான, மலிவான, ஆதாரம் உள்ள வழி. திரவ நைட்ரஜனால் உறையவைப்பது அடுத்தது. கருமையான தோலில் அது வெள்ளைத் திட்டை விட்டுச் செல்லலாம். இவை இரண்டும் தோற்ற பிறகு, அல்லது மருக்கள் எண்ணிக்கையில் பெருகிக்கொண்டே போகும்போது ஊசியைப் பற்றி யோசிக்கலாம்.

மருவுக்கான ஊசியில் இரண்டு வேறுபட்ட வழிகள் உள்ளன. நோயாளி எதற்குச் சம்மதிக்கிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, புற்றுநோய் மருந்தான பிளியோமைசின். இது மருவின் திசுவையே கொல்கிறது, வலி அதிகம், அந்த இடம் கறுத்துப் பொருக்காகி இரண்டு மூன்று வாரங்களில் உதிரும். நகத்தைச் சுற்றிப் போட்டால் நகம் நிரந்தரமாகக் கோணலாகலாம். குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் தொல்லையும் சிலருக்கு ஏற்படுகிறது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. மற்றொன்று, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி போன்றவற்றைப் பெரிய மருவுக்குள் சிறிதளவு செலுத்தி, உடலின் எதிர்ப்புச் சக்தியை மருவை உண்டாக்கும் வைரசுக்கு எதிராகத் தட்டி எழுப்புவது. இதில் ஊசி போடாத தூரத்து மருக்களும் சேர்ந்து மறையக்கூடும் என்பது பெரிய ஆதாயம்; இரண்டு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் எம்.எம்.ஆர். வழியைத் தவிர்க்க வேண்டும். கையிலும் காலிலுமாகப் பல மருக்கள் உள்ளவருக்கு நான் இரண்டாவது வழியின் பக்கமே சாய்கிறேன். தழும்பு விழும் அபாயம் அதில் மிகக் குறைவு.

பருக்கட்டிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீர்த்த ஸ்டீராய்டைச் சிறு துளியாகச் செலுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் கட்டி அமுங்கும். அடர்த்தி கூடினால் கன்னத்தில் குழி விழும். அந்தக் கட்டியை அமுக்குவதற்கு மட்டுமே இது. பரு வருவதை நிறுத்தும் சிகிச்சை தனியே நடக்க வேண்டும்.

ஸ்டீராய்டு ஊசியின் அபாயங்களில் அடிக்கடி நேர்வன மூன்று: தோல் மெலிதல், நிறம் வெளுத்தல், நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவந்து தெரிதல். நம் தோலின் நிறத்தில் வெளுப்பு பளிச்சென்று தெரிகிறது. சிலருக்கு ஊசி போட்ட இடத்திலிருந்து ஒரு கோடாகவும் நீள்கிறது. வெண்படை வந்துவிட்டதோ என்று வீட்டார் கலங்குவதுண்டு. பெரும்பாலும் மாதங்களில் நிறம் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. பெண்களுக்கு மாதவிலக்கு ஓரிரு சுழற்சி தள்ளியோ முந்தியோ வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால், ஊசிக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே அமர்வில் பல தழும்புகளுக்கு மிகுதியாகச் செலுத்துவது, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தற்காலிகமாக அடக்கிவிடும். பெரிய பரப்பு உள்ளவர்கள் "எல்லாவற்றுக்கும் இன்றே போட்டுவிடுங்கள்" என்று வற்புறுத்தக் கூடாது. கண்ணிமையிலும் அதைச் சுற்றியும் போடும்போது, மருந்தின் துகள்கள் இரத்தக் குழாய்க்குள் புகுந்து விழித்திரைக்குப் போகும் இரத்தத்தை அடைத்துப் பார்வையைப் பறித்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. மிக அரிது, ஆனால் நேர்ந்தால் மீளாது. அந்த இடத்துக்கு மாற்று வழி இருந்தால் அதையே கேளுங்கள்.

இந்த அபாயங்கள் எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, நோய் இன்னதென்று உறுதி செய்யாமல் போடப்படும் ஊசிக்கு. நெஞ்சிலோ தோளிலோ மெல்ல வளரும் கெட்டியான முடிச்சு, கீலாய்டு போலவே தோன்றும் ஒரு வகைத் தோல் புற்றாக இருக்கக்கூடும். அடிபட்ட நினைவே இல்லாத இடத்தில் வந்த கட்டி என்றால், சதைத்துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேட்பதில் தவறில்லை. தோலில் வரும் காசநோய், தொழுநோய், படர்தாமரை ஆகியவற்றில் ஸ்டீராய்டு செலுத்தினால், சிவப்பும் தடிப்பும் குறைந்து குணமானது போலத் தோன்றும். உள்ளே கிருமி பெருகும். உணர்ச்சி குறைந்த வெளிர்த் தேமலுக்கு எந்தக் காரணத்தாலும் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. முதலில் தொழுநோய்ப் பரிசோதனை.

மருந்துக் கடைகளில் டிரையாம்சினலோன் மில்லி லிட்டருக்கு 10 மில்லி கிராம், 40 மில்லி கிராம் என்ற இரு அடர்த்திகளில் கிடைக்கிறது. நெஞ்சுக் கீலாய்டுக்குப் பொருந்தும் 40ஐ நீர்க்காமல் கன்னத்தில் செலுத்தினால் குழி விழும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே அழகு நிலையத்திலோ, தோல் மருத்துவம் பயிலாதவரிடமோ இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டாம். புதிய ஊசியையும் சிரிஞ்சையும் உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மருந்தின் பெயர், அடர்த்தி, அளவு, இடம் ஆகிய நான்கையும் ஓ.பி. சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் இருக்கையில், அல்லது வேறு மருத்துவமனைக்கு மாறுகையில், அந்த ஒரு வரி இல்லாமல் அளவைச் சரியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. முதல் ஊசிக்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்து, மூன்று நான்கு ஊசிகளுக்குப் பின் அதே வெளிச்சத்தில் இன்னொன்றை எடுத்து ஒப்பிட்டால், தொடர்வதா, வேறு வழிக்கு மாறுவதா என்பதை மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்யலாம். கீலாய்டு தட்டையாகிவிட்டால் அதற்கு மேல் ஊசி வேண்டாம். ஆனால் அரிப்போ தடிப்போ திரும்பத் தலைகாட்டினால், பெரிதாகும் வரை காத்திராமல் அந்த வாரமே சீட்டோடு போய்விட வேண்டும்.